எந்த ஊசி

மாசிலாமணி இன்னும் கேட்கவில்லை. துரைப்பாக்கம் சிக்னலைத் தாண்டி இருநூறடி ரோட்டில் ஏறிய வண்டி, ஏறின கையோடு ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. அவன் கண்ணாடியில் ஒரு தரம் பின்சீட்டைப் பார்த்தான், ஏசியைக் கொஞ்சம் குறைத்தான், முன்னால் வைத்திருந்த தன் ஸ்வீட் டப்பா சரியாமல் நகர்த்தி வைத்தான், கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்றிருந்தது டாக்டர் காந்திமதிக்கு. இன்றைக்கு என்ன நாள் என்று ஆபீஸில் தெரியாதவர் யார்? கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும், அவளுக்கும் ஒரு டப்பா கிடைத்திருக்கிறது. இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்ததை இன்று மதியம் திறந்தார்கள். நிமோனியாவுக்கான புது ஊசி பாதிக் குழந்தைகளுக்கு, மஞ்சள்காமாலைக்கான வேறொரு ஊசி மீதிப் பாதிக்கு; எந்தக் குழந்தைக்கு எது போனது என்று போட்ட நர்சுக்குத் தெரியாது, பெற்றவர்களுக்குத் தெரியாது, இந்த ஆராய்ச்சியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நடத்திய காந்திமதிக்கும் தெரியாது. தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தன்னால் ஒரு பக்கம் சாயும். அந்தக் குழந்தைகளில் ஒன்று இந்த மாசிலாமணியின் மகள் பெனிட்டா. உட்காரப் பழகி, தவழத் தொடங்குமுன் செத்துப்போனது. எந்த ஊசி என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை உண்டு. கேட்டால் சொல்லலாம் என்று மதியக் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. கேட்டவர்களுக்கு மட்டும். கேட்காதவர்கள் வீட்டுக்கு நாமாகப் போய்க் கிளற வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள், ஆட்டும்போதே இந்தக் கழுத்துதான் ஞாபகத்துக்கு வந்தது, தினமும் போகையிலும் வருகையிலும் பார்க்கிற கழுத்து, சட்டைக் காலருக்குள் மடித்துச் செருகிய கர்ச்சீப், அதற்கு மேலே வெயிலில் கறுத்த மடிப்பு. முகத்தைவிட அந்த மடிப்புத்தான் அவளுக்குப் பழக்கம்.

கேட்டால் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்வது. உள்ளது என்ன? புனேயிலிருந்து வந்திருந்த குல்கர்ணி, கணக்குப் போடுகிறவர், திரையில் நிமோனியாக் கணக்கின் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று படிப்படியாக மேலே ஏறியது, இன்னொன்று தரையோடு படுத்துக் கிடந்தது. படுத்துக் கிடந்த கோடுதான் புது ஊசி போட்ட குழந்தைகள். டைரக்டர் எழுந்து நின்று கை தட்டினார். அவர் எழுந்தால் எல்லாரும் எழுந்தாக வேண்டும், எழுந்தார்கள். காந்திமதிக்குக் கண் கலங்கியது, அது நடிப்பில்லை, அந்தத் தாழ்ந்த கோட்டுக்காகத்தான் கல்யாணம் காட்சி என்று ஊர் கூப்பிட்டதற்கெல்லாம் போகாமல், இருந்த ஒரே தம்பி மகளின் வளைகாப்புக்குக்கூட வராத அத்தை என்று பெயரெடுத்து, இருமுகிற குழந்தைகளின் நெஞ்சருகே குனிந்தே முதுகு வளைந்து நின்றிருக்கிறாள். சந்தோஷப்பட்டாள். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். கூட்டம் கலைந்து காஜு கத்லி கை மாறிக்கொண்டிருந்தபோது குல்கர்ணியிடம் போய் ஒரு எண்ணைச் சொன்னாள். ஆராய்ச்சியில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆயிரக்கணக்கான எண்களில் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது அது ஒன்றுதான். அவர் தட்டிப் பார்த்தார். புது ஊசிதான் மேடம், மூன்று தவணையும் போட்டிருக்கிறது, குழந்தை இறந்துவிட்டது, ஆனால் இது நம் நிமோனியாக் கணக்கில் வரவில்லையே, எக்ஸ்ரே படம் இல்லை. தெரியும், என்றாள். அவர் நல்ல மனுஷன், அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, வேண்டுமானால் இதையும் நிமோனியா என்று சேர்த்துப் பார்க்கிறேன் என்று தானாகவே சேர்த்து, மறுபடி ஓட்டிக் காட்டினார். பாருங்கள், ஒன்றுமே மாறவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்கிறாராம். ஒன்றுமே மாறவில்லை! அந்த நிமிஷத்தில் அப்பாடா என்று இருந்ததே, அதைத்தான் அவளால் இப்போது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒரு குழந்தை செத்தது, அந்தக் கோட்டில் ஒரு மயிரளவு அசைவுகூட இல்லை, அவள் அப்பாடா என்றாள்.

லாரி நகர்ந்தது. இரண்டு பக்கமும் சதுப்பு நிலம் வந்துவிட்டது. தூரத்தில் குப்பைமேடு புகைந்துகொண்டிருந்தது, மூடிய கண்ணாடிக்குள்ளும் அந்தப் புகை எப்படியோ நுழைந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், அவள் இருமினாள், மாசிலாமணி உடனே ஏசியில் வெளிக்காற்று வராமல் பொத்தானை அழுத்தினான். இருமினால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்துகிற வாழ்க்கை. இந்தப் புகைக்கு அந்தப் பக்கம்தான் இவன் வீடு. இவன் வீட்டில் பொத்தான் ஏது? இப்போது இரண்டாவது பிறந்திருக்கிறது, ஆண் குழந்தை, ஜோயல் என்று பெயர் வைத்து ஆபீஸ் முழுக்க எக்லேர்ஸ் கொடுத்தான், அவளுக்கு மட்டும் ஒரு கை நிறைய. பெனிட்டாவைக் கொண்டுவந்து சேர்த்தபோதும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றான். அப்போது அரசாங்கத்தில் நிமோனியா ஊசி வந்திருக்கவில்லை. ஒப்புதல் வாங்குமுன் எல்லாருக்கும் சொல்வதை அவனுக்கும் உட்காரவைத்துச் சொன்னாள்: இதுவும் கிடைக்கலாம், அதுவும் கிடைக்கலாம், குலுக்கல் மாதிரி, எங்கள் கையில் இல்லை. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், "நம்ம ஆபீஸ் ஊசிதான மேடம், பாப்பாவுக்கு நல்லதா பாத்துப் போடச் சொல்லுங்க" என்றான். அவள் சிரித்தாள். அது என்ன சிரிப்பு? இவ்வளவு சொல்லியும் புரியவில்லையே என்கிற சிரிப்பு. அவன் எடுத்துக்கொண்டது வேறு. மேடம் வாயைத் திறந்து சொல்லக் கூடாது, அதனால் சிரித்துக் காட்டினார்கள் என்று எடுத்துக்கொண்டான். டிரைவர்கள் மத்தியில் சொல்லிக்கொண்டு திரிந்தான் என்று அவள் காதுக்கு வந்தது. கூப்பிட்டு, அப்படியெல்லாம் இல்லை மாசி, உன் குழந்தைக்கு என்ன போனது என்று எனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தாள், தலைக்கு மேலே வேலை இருந்தது, அப்புறம் குழந்தை செத்துவிட்டது, செத்த பிறகு அதைச் சொல்வதற்கு ஒரு நாள் உண்டா? எந்த நாள் அது? இத்தனை வருஷமாக அவன் வண்டிக் கதவைத் திறந்துவிடுவது அந்தச் சிரிப்புக்கான நன்றி. அவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள். கூத்து என்னவென்றால், அவன் நம்பினபடியே நல்ல ஊசிதான் விழுந்திருக்கிறது, யாரும் பார்த்துப் போடாமலே.

ஊசி போட்டும் சாவு வரும். எல்லாக் கிருமிக்கும் எதிராக ஒரு ஊசி இந்த உலகத்தில் இல்லை, அது அவளுக்குத் தெரிகிற அளவுக்கு யாருக்குத் தெரியும், நூறு கூட்டங்களில் அதைச் சொல்லியிருக்கிறாள், தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஆனால் படம். படம் மட்டும் எடுத்திருந்தால்! மார்பை எக்ஸ்ரே எடுத்து, அதை ஒருவரையொருவர் அறியாத இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பேருமே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது என்றால்தான் நிமோனியா. படம் இல்லையென்றால் நிமோனியா இல்லை. அந்த வரியை எழுதியது யார்? காந்திமதி. தப்பென்று சொல்ல முடியாது, மூக்கு ஒழுகினாலே நிமோனியா என்று எழுதுகிற கிளினிக்குகள் நிறைந்த ஊர், அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் எவன் நம்புவான்? படம் எடுக்கக் குழந்தைகளைக் கூட்டிவருவதற்கென்றே ஒரு வேன் இருந்தது, இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் போகும். அதை ஓட்டியது மாசிலாமணி. ஊரார் குழந்தைகளையெல்லாம் இவன்தான் படத்துக்குக் கூட்டிவந்தான். பெனிட்டாவுக்கு மூச்சு முட்டிய அன்றைக்கு மட்டும் வேன் மகாபலிபுரம் போயிருந்தது, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் வந்திருந்தார்கள், கடற்கரைக் கோயில் பார்க்க ஆசைப்பட்டார்கள், பெரிய வண்டி வேறு இல்லை, சரி என்றாள். ஒரு சரி. எஸ்தர், இவன் பெண்டாட்டி, ஆட்டோ பிடித்துத் தெருமுனைக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள், அவர்கள் ஏதோ ஒரு சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், மறுநாள் விடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது குழந்தையின் விலாக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. காந்திமதி ஓடினாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். கேட்டாள். மருத்துவம் படிக்கிற காலத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது அது: காதோரத்து முடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார், அந்த நறநறப்புத்தான் நீர் கோத்த நுரையீரல். இப்போதும் அவள் கை தன்னால் காதோரம் போய் முடியை உருட்டிக்கொண்டிருந்தது, நற நற நற, அன்றைக்குக் கேட்ட அதே சத்தம், வலப்பக்கம் கீழே, சந்தேகத்துக்கு இடமே இல்லை, சின்னப் பிள்ளை கேட்டாலும் சொல்லும். எக்ஸ்ரே அறை வரை கொண்டுபோகும் நிலையில் குழந்தை இல்லை. பிறகு எங்கேயும் கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை. அவள் காதால் கேட்டது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, ஏற்றக் கூடாது என்று எழுதியவளும் அவளே, கையை எடு, எடு என்று தன்னையே அதட்டி மடியில் இருந்த ஸ்வீட் டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மேடம்," என்றான் மாசிலாமணி.

வந்துவிட்டது. "என்ன மாசி?"

"ஒரு ஒத்தாசை பண்ணணும் மேடம். வழிலதான் வூடு. ரெண்டு நிமிசம் எறங்கி எஸ்தராண்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"என்னன்னு?"

"ஜோயலுக்கு எந்த ஊசியும் போட வுட மாட்றா. மூணு மாசத்து ஊசிகூட போடல. ஹெல்த் நர்சு வந்தா கதவ சாத்திக்கிறா. மொதல்லது ஊசி போட்டுத்தான் போச்சு, இத குடுக்க மாட்டேன்றா. எவ்ளோ சொல்லிட்டேன், அடிக்காத கொறைதான்." அவன் தொண்டையைச் செருமினான். "பாப்பாவுக்கு நல்ல ஊசிதான் போட்டீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். அத நான் சாவுற வரிக்கும் மறக்க மாட்டேன். வெதி, அத மீறி பூடுச்சு. ஆனா அவளாண்ட மட்டும் மாத்தி சொல்லிடுங்க. அன்னிக்குப் போட்டது இந்த ஊசி இல்ல, டம்மின்னு. நீங்க சொன்னா நம்பிடுவா. இன்னிக்கு ரிசல்ட்டு வந்துதுன்னு அவளுக்கும் தெரியும்."

கேட்கவே இல்லை! எந்த ஊசி என்று அவன் கேட்கவில்லை, அவனுக்குத் தெரியும் என்கிறான், அவன் தெரிந்துவைத்திருப்பது தப்பான காரணத்தால் சரியாக இருக்கிறது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் இருமலாக வெளியே போயிற்று. பொய் சொல்லச் சொல்கிறான். யாரிடம்? வீடு வீடாகப் போய் ஜுரம் பார்க்க வேண்டிய ஒரு பெண், தெர்மாமீட்டரைத் தொடாமலே ஒரு நாள் எண்ணை எழுதிவிட்டாள் என்று கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அழ அழ வேலையை விட்டு அனுப்பியவளிடம். மழை மேடம், தெருவெல்லாம் முட்டியளவு தண்ணி மேடம் என்று அந்தப் பெண் கெஞ்சினாள், காந்திமதி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள், ஒரு பொய் உள்ளே வந்தால் எல்லாம் பொய் என்றாள், பெருமையாக இருந்தது அப்போது. இப்போது என்ன செய்யப் போகிறாய்? உள்ளதைச் சொன்னால் எஸ்தர் அடுத்த நிமிஷம் கதவைச் சாத்துவாள், பார்த்தியா நான் சொன்னேனே என்பாள், அந்த ஊசி கொல்லவில்லை, கொன்ற வேறெதையோ தடுக்க அதற்குத் திராணியில்லாமல் போயிற்று, இரண்டும் ஒன்றில்லை என்று ஒரு தாயிடம் எந்த மொழியில் சொல்வது, கோட்டை வரைந்து காட்டுவதா? இந்தப் புகைக்குள் ஒற்றை அறையில் ஊசியே போடாத கைக்குழந்தை. மழைக்காலம் வரப் போகிறது. மழை தொடங்கினால் வார்டில் எத்தனை தொட்டில் நிரம்பும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அப்போது மறுபடியும் விலாக்குழி, மறுபடியும் நற நற, அன்றைக்கு வேன் இருக்கும், படம் எடுப்பார்கள், நன்றாகத் தெளிவாக வரும் படம். ஐயோ. சொல்லித் தொலை. ஒரு வார்த்தை. உன் உண்மையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள், செத்ததையே கணக்கில் சேர்க்காத உண்மை. "சரி மாசி," என்றாள். அன்றைக்கு வேனுக்குச் சொன்ன அதே சரி போலக் கேட்டது.

பள்ளிக்கரணையில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, கார் நுழையாத சந்தின் வாயில் நிறுத்தினான். அவன் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான், அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால். யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் கதவருகிலேயே நின்றாள், மெலிந்துபோயிருந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்ததற்குப் பிறகு காந்திமதி அவளைப் பார்க்கவேயில்லை, பார்க்காதபடி பார்த்துக்கொண்டாள் என்பதுதான் நிஜம். "வாங்க மேடம்" என்று நாற்காலியிலிருந்த துணிகளை வாரி எடுத்தாள். பாயில் ஜோயல் தூங்கிக்கொண்டிருந்தான், மூக்கு லேசாக அடைத்திருந்தது, மற்றபடி கொழுகொழுவென்று நன்றாக இருந்தான், காந்திமதி உட்காருமுன்பே அவன் வயிறு ஏறி இறங்குவதை எண்ணத் தொடங்கிவிட்டாள், அது அவள் பழக்கம், பஸ்ஸில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாலும் எண்ணுவாள். சாதாரண மூச்சு. சுவரில் ஏசு படம், அதற்குக் கீழே பெனிட்டாவின் படம், ஸ்டூடியோவில் எடுத்தது, பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. இந்தப் படம் மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள்.

"இன்னா டப்பா?" என்றாள் எஸ்தர், புருஷனிடம்.

"ஆபீஸ்ல குடுத்தாங்க. ஊசி நல்லா வேல செய்தாம், ரிசல்ட்டு வந்துடுச்சு." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது போல, டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினான். "அதான் மேடமே வந்துக்கிறாங்க. உன்னாண்ட சொல்லணும்னு."

எஸ்தர் காந்திமதியின் முகத்தை நேராகப் பார்த்தாள். பொய் சொல்வது கஷ்டம் என்று யார் சொன்னது? நாக்கூசாமல் வந்தது, கூட்டத்தில் பேசுகிற அதே அடங்கிய குரலில், அதே போல நிறுத்தி நிதானமாக. "எஸ்தர், பெனிட்டாவுக்குப் போட்டது இந்த நிமோனியா ஊசி இல்லம்மா. காமாலைக்குப் போடற வேற ஊசி. எங்களுக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதனால ஊசியால அவளுக்கு ஒண்ணும் ஆகல. இவனுக்குத் தைரியமாப் போடலாம். போடணும்."

எஸ்தர் துணி மூட்டையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு எண்ணெய் சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள், "அப்ப நல்ல ஊசிய யாருக்குப் போட்டீங்க?"

"பாதிப் பிள்ளைங்களுக்கு."

"அதுங்கள்லாம் நல்லாக்குதுங்களா?"

"பெரும்பாலும் நல்லா இருக்காங்க."

"எம்பொண்ணுக்கு மட்டும் இல்ல."

"அது நாங்க பாத்துப் போடறதில்ல எஸ்தர். யாருக்கு எதுன்னு எங்க கையில கிடையாது. குலுக்கல் மாதிரி..."

"உங்க வண்டிய ஓட்டறவரு பொண்ணு மேடம் அது," என்றாள் எஸ்தர். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "ராவு பகல்னு பாக்காம ஊர்ல இருக்கிற புள்ளைங்களையெல்லாம் உங்களாண்ட இட்டாந்தாரு. மேடம் நமக்கு நல்லதா பாத்துப் போட்டாங்கன்னு தெரு பூரா சொல்லினு திரிஞ்சாரு. இவ்ளோ வருசமா நான் ஊசியத் திட்டிக்கினு இருந்தேன். பாவம், ஊசி இன்னா பண்ணும்? அது எம்பொண்ணாண்ட வரவேயில்ல. இருக்கிற நல்லத யார் யார் புள்ளைக்கோ குடுத்துட்டு, எம்பொண்ண வெறும் கையோட வுட்டுட்டீங்க."

காந்திமதி வாயைத் திறந்தாள். இல்லை எஸ்தர், உன் பெண்ணுக்குத்தான் நல்லது கிடைத்தது, மூன்று தவணையும். அந்த வாக்கியம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, அதை வெளியே விட்டால் இந்தப் பழி நீங்கும், அந்தக் குழந்தை பாயில் ஊசியில்லாமல் கிடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்யாத குற்றத்துக்கு இப்படி எதிரில் உட்காரவைத்துக் கேட்கிறார்கள், செய்த காரியங்களுக்கு மதியம் எழுந்து நின்று கை தட்டினார்கள். மாசிலாமணியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இட்னு போறேன்," என்றாள் எஸ்தர், குழந்தையின் மேல் ஈ உட்காராமல் துணியை இழுத்துவிட்டு. "கவுருமெண்ட்ல போடறது நல்ல ஊசிதான? அதுலயும் பாதி பேருக்குத்தானா?"

"இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே ஊசி."

"அப்ப போடறேன். நீங்க சொல்றீங்கன்னு இல்ல. இவனும் வெறும் கையோட போவக் கூடாது." அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "இத எட்த்துக்கினு போ."

வண்டி மறுபடி ரோட்டுக்கு வந்து மடிப்பாக்கத்தைப் பார்த்துத் திரும்பியது. முடிந்தது, நாளைக்கு ஊசி விழும், அதுதானே வேண்டும், இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கிறது, அதற்கும் எஸ்தர் கூட்டிப் போவாள், சொன்னால் செய்கிறவள். ஊசியின் மேல் இருந்த வெறுப்பு அப்படியே இடம் மாறித் தன்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது, உட்காரட்டும், தாங்குகிற உடம்புதானே, எதையெல்லாம் தாங்கவில்லை. புகை பின்னால் போய்விட்டது, இருமல் போகவில்லை. மாசிலாமணி பொத்தான் எதையும் அழுத்தவில்லை. இந்தச் சந்தடியில் அவன் கழுத்து மட்டும் அசையாமல் இருந்தது.

"மேடம்," என்றான் கொஞ்ச தூரம் போன பிறகு. "நீங்க சும்மாதான சொன்னீங்க?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லச் சொன்னேன்னுதான சொன்னீங்க? பாப்பாவுக்கு நல்லதுதான போட்டீங்க? நீங்க அன்னிக்கு சிரிச்சீங்களே மேடம்."

சொல்லிவிடு. இவனிடமாவது. ஆமாம் மாசி, சும்மாதான் சொன்னேன் என்றால் அந்தக் கழுத்து இளகும், ஒரு பெருமூச்சு விடுவான், நாளைக்குக் காலையில் சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பான். ஆனால் இவன் வாயில் எதுவும் நிற்காது, எக்லேர்ஸ் மாதிரி எல்லாருக்கும் கொடுத்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சண்டை, மேடத்தைத் திட்டாதடி, அவங்க உனக்காகப் பொய் சொன்னாங்க என்று ரோஷத்தில் சொல்லிவிடுவான், எஸ்தர் அன்றைக்கே கதவைச் சாத்துவாள், மீதித் தவணை போச்சு. அதுதான் காரணமா? அது மட்டும்தானா? சும்மாதான் சொன்னேன் என்று தொடங்கினால் அதோடு நிற்குமா, நல்ல ஊசி போட்டும் ஏன் மேடம் போச்சு என்பான், நிமோனியாவா என்பான், ஆமாம் என்றால் அப்ப அதை எழுதினீங்களா என்பான். இல்லை மாசி, படம் இல்லை, அதனால் எழுதவில்லை, வேன் அன்றைக்கு மகாபலிபுரத்தில் இருந்தது, உனக்குத்தான் தெரியுமே, நீதானே ஓட்டினாய். அதைக் கேட்டுவிட்டு இவன் எப்படி ஸ்டியரிங்கைப் பிடிப்பான்? குழந்தைக்காக மறைக்கிறேனா, எனக்காக மறைக்கிறேனா, பாதி அது பாதி இது, எது எந்தப் பாதி என்று திறந்து பார்த்துச் சொல்ல இதற்குக் குல்கர்ணி கிடையாது. காதோரத்து முடி விரலுக்குள் வந்துவிட்டிருந்தது. நற நற.

"நெசம்தான் மாசி," என்றாள். "வேற ஊசிதான் போட்டது."

அவன் தலையை ஆட்டினான். ஒருமுறை ஆட்டி நிறுத்தினான். மடிப்பாக்கம் வரை வண்டியை வேகமாக ஓட்டவில்லை, எப்போதும் போலப் பள்ளத்தில் இறங்கும்போது மெதுவாக இறக்கி மெதுவாக ஏற்றினான், அவளுக்கு முதுகு வலி என்று அவனுக்குத் தெரியும். வீட்டு வாசலில் நிறுத்தினான். இறங்கி வந்து கதவைத் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், பழக்கம், பிறகு கைப்பிடியைத் தேடித் தானே திறந்துகொண்டாள், எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்றுகூட மறந்துபோயிருந்தது. இறங்கி நின்றதும் அவன் ஜன்னல் வழியாகத் தன் டப்பாவை நீட்டினான். அவள் வாங்கித் தன்னுடையதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு மேடம், புள்ளைக்கு ஊசி," என்றான் முன்னால் பார்த்தபடியே. "ஆபீஸ்ல வேற டிரைவர போடச் சொல்லிடுங்க."

"நாளைக்கு மட்டுந்தானே மாசி?"

அவன் வண்டியைப் பின்னால் எடுத்தான்.